ஆள் இறங்கினால் நிற்க வேண்டிய வண்டி

லோவெல் பிரெக்கி பழைய தோட்ட டிராக்டர்களைப் பிரித்து மேய்கிறவன். விஸ்கான்சின் குன்றுகளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் புல் வெட்டுகிற வண்டி எது படுத்துக்கொண்டாலும் கடைசியில் அவனுடைய ஷெட்டுக்குத்தான் வந்து சேரும். அறுபத்தேழு வயது. டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். நாற்பது வருஷத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, ஒரு செத்த எஞ்சினை இரும வைத்துவிட்டால் அன்றைக்கு அவனைக் கையில் பிடிக்க முடியாது.

ஜூன் மாதம் ஆர்டிஸ் குவாமி ஒரு டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரிந்தவள். வண்டி அவள் கணவன் மெர்லினுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளத்தோரச் சரிவில் புல் வெட்டும்போது மெர்லின் அதிலிருந்து சறுக்கி விழுந்தான். வண்டி நிற்கவில்லை. அவன் மேலேயே பிளேடோடு ஏறியது.

"ஓட வெச்சுக் குடு லோவெல். வித்துத் தலைமுழுகணும். அப்புறம் இன்னொண்ணு, அந்த மனுஷன் சீட்டுச் சுவிட்சை என்ன பண்ணித் தொலைச்சான்னு பார்த்துச் சொல்லு. ஷெரிப் ஆபீஸ்லேர்ந்து வந்த பையன் 'யாரோ கை வெச்சிருக்காங்கம்மா'ன்னான். யாரோவாம்! வேற யாரு?"

"இப்பத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"எனக்குத் தெரியணும். நான் இன்னும் கல்லறைப் பக்கமே போகல. அவ்ளோ கோவம். சவப்பெட்டி பக்கத்துல நின்னப்பகூட மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டுதான் இருந்தேன், மடையா, மடையான்னு."

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சைக் கடித்தபடி, "மெஷின் விஷயத்துல மெர்லினுக்கு எப்பவுமே அசட்டைதான்" என்று நாலு பேரிடம் சொன்னவனே லோவெல்தான்.

அந்தச் சுவிட்சின் வேலை எளிது. ஆள் உட்கார்ந்திருந்தால் எஞ்சின் ஓடும், எழுந்தால் அணைந்துவிடும். ஆனால் மேடுபள்ளத்தில் ஒரு விரற்கடை எழும்பினாலே அது எஞ்சினின் கழுத்தைப் பிடித்துவிடும். அந்த எரிச்சலுக்காகவே பழைய வண்டிக்காரர்கள் சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு மேலே ஆள் இருக்கிறதா இல்லையா என்பது வண்டிக்குத் தெரியாது.

கார்புரேட்டர், பெல்ட், ஸ்பார்க் பிளக் எல்லாம் முடித்து மூன்றாம் நாள் மத்தியானம் எஞ்சினை முடுக்கினான். சாவியின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தான். காலிச் சீட்டு. பழைய ரெக்சினில் ஒரு ஆள் உட்கார்ந்த குழிவு. அதிர்வில் சீட்டு மெல்ல அசைந்தது, உட்கார்ந்திருப்பவன் வசதியாக நகர்ந்துகொள்வதைப் போல.

"போதும் மெர்லின், எறங்குடா," என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தான்.

எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. லோவெல் பாய்ந்து சாவியைத் திருப்பினான். அப்படியும் நிற்காமல் நாலைந்து தடவை குமுறிவிட்டுத்தான் ஓய்ந்தது. உள்ளே கரி பிடித்த எஞ்சின் சூட்டில் அப்படிச் செய்யும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சுவரோடு ஒட்டி நின்றான்.

பிறகு சீட்டைத் தூக்கினான். இரண்டு வயர்களும் இடப்பக்கமாக முறுக்கப்பட்டிருந்தன. மேலே பச்சைத் துணி டேப்பு.

லோவெல் இடக்கைக்காரன். அந்தப் பச்சை டேப்பு டெலிபோன் கம்பெனிச் சரக்கு. ஓய்வு பெற்ற அன்று ஒரு பெட்டி நிறைய வாரிக்கொண்டு வந்தான். அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மெர்லின் பெல்ட் மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான். சுவிட்சைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. லோவெல்தான், கை சும்மா இருக்காமல், நண்பனுக்கு ஒரு உபகாரமாக அதையும் 'சரி' செய்து அனுப்பினான். சொல்லக்கூட மறந்துபோனான். மெர்லின் எப்போதும் சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் இறங்குகிறவன், அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தான் இறங்கினால் வண்டி நின்றுவிடும் என்றுதான் மெர்லின் கடைசி வரைக்கும் நினைத்திருப்பான்.

அடுப்பில் போட்டால் அரை நிமிஷத்தில் டேப்பு சாம்பல். பழி ஏற்கெனவே செத்தவன் தலையில் இருக்கிறது, அவன் வந்து மறுக்கப்போவதில்லை. லோவெல் டேப்பை வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதுச் சுவிட்சைப் பொருத்தினான்.

இனி காலிச் சீட்டோடு அந்த வண்டி ஓடவே ஓடாது. ஆனாலும் மறுநாள் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஷெட்டில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தான். நிசப்தம். பானெட்டில் கை வைத்தான், ஜில்லென்றிருந்தது. அதற்கடுத்த நாளும் கேட்டது. மூன்றாம் நாள் அவன் போய்ப் பார்க்கவில்லை, காப்பியையும் குடிக்கவில்லை.

சனிக்கிழமை ஆர்டிஸ் வந்தாள். புதுப் பெயின்டைப் பார்த்து, "கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டியே" என்றாள். லோவெல் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து பானெட் மேல் வைத்தான்.

"இது என்னோடது ஆர்டிஸ். வயரை முறுக்கினது நான். மெர்லின் கேக்கல. அவன்கிட்ட நான் சொல்லவும் இல்ல."

அவள் டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. எழுந்தாள். அணைந்தது. உட்கார்ந்தாள், முடுக்கினாள், எழுந்தாள். அணைந்தது. ஏழு தடவை அப்படிச் செய்தாள். லோவெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நிறுத்தச் சொல்ல அவனுக்கு என்ன வாய் இருக்கிறது?

"ஒரு நொடி," என்றாள். "நிக்கறதுக்கு ஒரே நொடிதான் ஆகுது."

"ஆமா."

"ரெண்டு வருஷமா அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேனே லோவெல். நீயும் கேட்டுக்கிட்டுதானே இருந்த."

அவள் அழுதாள். அவனும் அழுதான், ஆனால் பக்கத்தில் போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

"வேற எத்தனை வண்டிக்கு இப்படிச் செஞ்சு குடுத்திருக்க?"

முப்பது வருஷமாக லோவெல் செய்துவருகிற வேலை. எண்ணி வைத்ததில்லை. வெளியே நல்ல வெயில், புல் வெட்டுகிற நாள். பள்ளத்தாக்கிலிருந்தும் குன்றுக்கு அப்பாலிருந்தும் சர்ச்சுக்குப் பின்னாலிருந்தும் எஞ்சின்கள் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்று நின்றது. மற்றவை நிற்கவில்லை. அவற்றில் எதன் மேல் ஆள் இருக்கிறது, எதன் மேல் இல்லை என்று அவனால் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை.