கிளேபாங் கீரை

ஜப்பான்காரர் ஆட்சியில் அரிசி அரிதாகிப்போன காலம். மலாயாவில், கஜா பெராங் பகுதியில் குடியிருந்த கமலவேணிக்கு அப்போது மூன்று மாதம். தினமும் தின்ற மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தாலே குமட்டியது.

“லேசா புளிக்குமே, பருப்புக்கீரை, அது இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்,” என்றாள் கணவனிடம்.

பொன்னுதுரை அதிகம் பேசாதவன். சைக்கிளை ஜப்பான்காரர்கள் பிடுங்கிக்கொண்டதால் கிளேபாங் கடற்கரை வரை நடந்தே போனான். கடலோர மணலில் கொஞ்சம்தான் கிடைத்தது. சமைத்தால் ஒரு வேளைக்குக்கூடக் காணாது என்று வாசலோரம் நட்டு, காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். ஒரே வாரத்தில் தண்டெல்லாம் அழுகிவிட்டது.

அதன் முன்னால் அவன் முகம் தொங்கக் குந்தியிருந்ததைப் பார்த்துக் கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது.

“தண்டுலயே தண்ணிய வச்சிருக்கிற செடிங்க இது. ஊத்தியே கொன்னுட்டீங்களே!”

“நீ வாடிப் போயிட்ட. இதுவும் வாடிடுமோன்னு பயமா இருந்துச்சு.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் இப்படி மனம்விட்டுப் பேசியதில்லை. அவள் சிரிப்பை நிறுத்தி, அவன் தோளில் கைவைத்தாள்.

மறுநாள் மறுபடியும் கிளேபாங் போனவன், கீரையோடு ஒரு சாக்கு மணலும் சுமந்து வந்தான். மண்ணில் மணலைக் கலந்து, நல்ல வெயில் படும் இடத்தில் தண்டுகளைக் கிள்ளி நட்டார்கள். தண்ணீரைக் கையால் தெளித்ததோடு சரி. கீரை தரையோடு தரையாகப் படர்ந்தது.

முதல் தடவை கடைந்த கீரையில் ஒரு கரண்டியை அவன் தட்டிலிருந்த கிழங்கின்மேல் வைத்தாள்.

“உனக்குத்தானே நட்டேன்?”

“நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்.”

இருவரும் சாப்பிட்டார்கள். அன்று அவளுக்குக் குமட்டவில்லை.