இன்னும் போடாத மாத்திரை

"நாலு மாசமா பருவுக்குக் களிம்பு, கேப்சூல்னு—"

"நான் சொல்றத முழுசா—"

"—தேச்சதும் முழுங்கினதும் போதாதா? டாக்டரே மாத்தலாம்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு மேல நீங்க படிச்சிருக்கீங்களாக்கும்?"

"மாத்தலாம்னு சொன்னாங்க. மாத்துங்கன்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணா?"

"நல்லா இருக்கே! லிஃப்ட் பாதியில நின்னா, உள்ள மாட்டினவங்க கிட்ட போய், 'இறங்கலாம்னுதான் சொன்னேன், இறங்குங்கன்னு சொல்லல'ன்னு நிப்பீங்களா?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய வேலையை வைத்து வம்புக்கு இழுத்தால் மற்ற நாளில் வீடு இரண்டாகிவிடும். இன்று கோபம்கூட வரவில்லை. சாப்பாட்டு மேசைமேல் கிடந்த மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மகன் உள்ளே போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

"மெதுவா பேசு. அவன் காதுல விழும்."

"விழட்டுமே. ஊரே அவன் மூஞ்சியப் பேசுது. நாம பேசினாதான் நோகுமா?"

காலையில் மூவரும்தான் தோல் டாக்டரிடம் போனார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் காவல். டாக்டர் அவன் தாடையை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்துவிட்டு, நினைத்த அளவுக்குக் குறையவில்லை என்றார். களிம்பை மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம். இல்லையென்றால் இதையெல்லாம் நிறுத்திவிட்டுப் பெரிய மாத்திரைக்குப் போகலாம். அதற்கு முதலில் ரத்தப் பரிசோதனை. உதடு வெடிக்கும், தோல் காயும், ஆரம்பத்தில் பரு கூடவும் செய்யலாம். சிலர் மனம் சோர்ந்துபோவதாகச் சொல்கிறார்கள். அப்படித் தெரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். வீட்டில் பேசி முடிவெடுங்கள், சாயங்காலம் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ஆகிவிட்டது.

"எனக்கும்தான் அந்த வயசுல வந்துச்சு. களிம்பு உண்டா, மாத்திரை உண்டா? அதுபாட்டுக்கு வந்துச்சு, அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சா?"

அம்மா அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு கன்னமும் அம்மி கொத்தி வைத்ததுபோல் இருக்கும்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து பாத்துட்டிருக்கேன். போன மாதிரி தெரியலயே."

"உனக்கு அது ஒரு குறையா?"

"எனக்கென்ன குறை? நீங்க சொல்லுங்க. ஒரு போட்டோவுலயாவது நேரா பாத்து நின்னிருக்கீங்களா?"

அவர் சீட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு அந்த மனசு விஷயம்தான் பயமா இருக்கு."

"சோர்ந்தா தெரியாதா? பெத்தவங்களுக்குத் தெரியாமயா போகும்?"

"எப்படித் தெரியும், சொல்லு. இப்பவே லீவு நாள்ல போர்வைய விட்டு வெளிய வர்றதில்ல. பாதி சாப்பாட்டுல எழுந்திரிச்சுப் போயிடறான். மாத்திரை போட்டப்புறமும் இப்படியே சுருண்டு கெடந்தா, அது மருந்தோட வேலையா, பருவோட வேலையா? லிஃப்ட்னா பலகையத் திறந்து எந்த வயர்னு பாத்துடுவேன். இவன எங்கன்னு திறக்கறது?"

அம்மா துணிக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். துண்டுகளிலும் தலையணை உறைகளிலும் திட்டுத்திட்டாகச் சாயம் போயிருந்தது. அந்தக் களிம்பு பட்ட துணியெல்லாம் அப்படித்தான் வெளுத்துவிடும். அவருடைய நீலச் சட்டையின் தோளில்கூட உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுப்பு.

அது போன மாதம் ஆனது. மகன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். வருகிறவர்களுக்கு ஃபிரேம் பொருத்திப் பார்ப்பது, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிசெய்வது. மூச்சுப் படும் தூரத்தில் முகத்தோடு முகம் வைத்துச் செய்கிற வேலை. முதலில் பின்கட்டில் லென்ஸ் தேய்த்துக் காத்திருந்து பிடித்த இடம். ஒரு அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "இது தொத்திக்குமா தம்பி?" என்று கேட்டிருக்கிறாள். முதலாளி நல்லவர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாராம்: "முகம் தெளியட்டும், முன்னால வந்துக்கலாம். அதுவரைக்கும் உள்ள தேய்க்கிற வேலையப் பாரு." அன்று வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

குழாய் நின்றது. மகன் முகத்தைத் துடைக்காமல் ஒற்றிக்கொண்டே வந்தான்.

"மாநாடு முடிஞ்சுதா? தீர்மானம் என்ன?"

"உக்காருடா," என்றார் அப்பா. "உன் மூஞ்சி, உன் இஷ்டம். நீயே சொல்லு."

"என் இஷ்டம்னா இது வந்தேயிருக்காதே."

"நக்கலுக்குக் குறைச்சல் இல்ல," என்றாள் அம்மா. "நேத்து வரைக்கும் மாத்தணும் மாத்தணும்னு குதிச்சது யாரு? டாக்டர் முன்னால உக்காத்தி வச்சா வாயில பூட்டு. மனசு சோரும்னாங்களே, அதுக்குப் பயந்துட்டியா?"

"அதில்லம்மா. உதடு வெடிச்சா வெடிக்கட்டும். எத்தன தடவ வேணா ரத்தம் எடுக்கட்டும்."

"பின்ன?"

அவன் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"சோப்பு கேக்காதப்ப களிம்பு இருக்குன்னு நினைச்சேன். களிம்பு கேக்காதப்ப கேப்சூல். அதை முழுங்கறப்ப, இதுவும் போச்சுன்னா பெரிய மாத்திரை இருக்குன்னு ஒரு தைரியம். இன்னும் போடாதது அது ஒண்ணுதாம்மா பாக்கி."

"அதைத்தானே போடச் சொல்றேன்! நெறைய பேருக்குக் கேக்குதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"களிம்பும் நெறைய பேருக்குக் கேக்கும்னாங்க. நான்தான் அந்த நெறைய பேர்ல வரல."

அம்மா அவன் தலையைத் தொடக் கையை நீட்டினாள். கை கன்னத்துப் பக்கம் போய்விடுமோ என்று பயந்து அவன் ஒதுங்கினான். அவளும் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது. அப்பா எடுத்தார். கிளினிக்கில் சீட்டு கொடுக்கிற பெண்ணின் குரல் மூவருக்கும் கேட்டது.

"டாக்டர் கிளம்பறாங்க சார். நாளைக்கு ரத்தம் எடுக்கறதுக்கு எழுதிக்கவா, இல்ல களிம்ப மட்டும் மாத்தித் தரச் சொல்லவா?"

"ஒரு நிமிஷம்மா."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மகனைப் பார்த்தாள்.

"அதுவும் கேக்கலைன்னா," என்றான் மகன், "அப்புறம் நான் எதைப்பா நம்பிட்டிருக்கறது?"