நூற்றுப் பன்னிரண்டு ஆமென்

2014 செப்டம்பர் 15, திங்கள்

நேற்றைய பக்கத்தில், ‘தேதி மாற்ற அறிவிப்பை நூற்றுப் பன்னிரண்டு பேர் வாசித்துவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தேன். தவறு. நூற்றுப் பன்னிரண்டு பேர் அதன் கீழே ‘ஆமென்’ என்று போட்டிருந்தார்கள். வாசித்தார்கள் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

எங்கள் மீனவர் சங்கத்தில் நான் எழுத்தர். சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. கருங்கல் ஊரில் மாலைக் கணினி வகுப்பில் படித்துக்கொண்டே நான் செய்தது. பேஸ்புக் பக்கமும் உண்டு. அதில் ஆள் சேர வேண்டும் என்று தலைவர் சூசை மாமா சொன்னதால் தினமும் காலையில் ஒரு வேத வசனம் போடுகிறேன். ஆள் சேர்ந்தது. எதைப் போட்டாலும் ஆமென் சொல்லும் பழக்கமும் கூடவே வந்தது. ஐஸ் ஆலை இரண்டு நாள் ஓடாது என்று போட்டதற்கும் ஆமென்தான்.

மீனவர் அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்கும் முகாம் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று முதலில் அறிவித்திருந்தோம். அதிகாரிகள் அதை 17, புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை இரண்டு இடத்திலும் புது அறிவிப்பைப் போட்டேன்.

இன்று காலை சந்தேகம் வந்தது. ஆமென் போட்டவர்களில் எண் தெரிந்த ஐந்து பேரைக் கூப்பிட்டேன். நான்கு பேருக்கு விஷயமே தெரியவில்லை. ஐந்தாவது குளோரி அக்கா. அவர் கணவர் சிலுவைதாசன் அண்ணன் கொச்சிக்கு வடக்கே முனம்பத்தில் விசைப்படகில் வேலை செய்கிறார்.

“அக்கா, முகாம் என்னைக்குன்னு தெரியுமா?”

“வெள்ளிக்கெழமல்லா. அவரு வியாழக்கெழம வண்டியேறி வாறாரு.”

“புதன்கிழமைக்கு மாத்தியாச்சு. அதுக்கு நீங்க ஆமென் போட்டிருக்கீங்க.”

“ஏட்டி, நீ தெனமும் வசனம் போடுற, நான் தெனமும் ஆமென் போடுதேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு பாத்தா?”

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். அண்ணனின் படகு வரும் திங்கள்கிழமை கடலுக்குப் போகிறது. திரும்பி வர நாற்பது நாள் ஆகும். அட்டையோ, முகாமில் தரும் ரசீதோ இல்லாதவரை ஏற்ற மாட்டேன் என்று படகுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அடுத்த முகாம் எப்போது என்று எங்களுக்கே தெரியாது. புதன்கிழமையை விட்டால் அண்ணனுக்கு அந்தப் படகு இல்லை.

மத்தியானம் அண்ணனே கூப்பிட்டார். நாளை காலை கிளம்பினால்தான் நேரத்துக்கு வந்து சேர முடியும். ஆனால் வலை வேலை பாதியில் கிடப்பதால், படகை ஓட்டும் ஸ்ராங்கு விட மறுக்கிறார். நான் பேசுகிறேன் என்றேன். ஸ்ராங்கு குளச்சல்காரர்.

“நீ யாரு மக்கா?”

“சங்கத்து கிளார்க்கு, ரெஜிஷா.”

“போன வருசம் இப்படித்தான் ஒருத்தனுக்கு லீவு கேட்டு ஃபாதர் பேசுனாரு. பாத்தா, ஃபாதர்னு பேசுனது அவனுக்க மச்சினன். போன்ல யாரு வேணும்னாலும் பேசலாம். எழுதியிருக்கத காட்டு.”

“பேஸ்புக்குல போட்டிருக்கோம்லா.”

“அதுல ரெண்டு தேதி கெடக்கு. வெள்ளிக்கெழமயத்தான் முந்நூறு பேரு ஷேர் பண்ணிருக்கான். நான் எத நம்ப?”

“சங்கத்து வெப்சைட்ட பாருங்க. அதுல ஒரே தேதிதான்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் தன் போனில் தளத்தைத் தேடித் திறந்தார். பிறகு, “எலே சிலுவ, இது என்னலே? இங்கிலீசு எழுத்த வாரிக் கொட்டுன மாதிரி இருக்கு, வாயில நொழையல்ல” என்று அவர் கேட்பது எனக்கும் கேட்டது.

அலுவலகக் கணினியில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. காரணம் பிடிபடவில்லை. சாயங்காலம் வகுப்பில், பக்கத்தில் இருக்கும் அஸ்வதியின் போனை வாங்கித் திறந்து பார்த்தேன். என்னுடையது பட்டன் போன். ஸ்ராங்கு சொன்னது உண்மை. நான் பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துரு அலுவலகக் கணினியில் இருக்கிறது, ஊரில் யார் போனிலும் இல்லை. நம் தளத்தை யாரும் பார்ப்பதில்லை என்று பதினொரு மாதமாக ஊர்க்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எதை வாசித்திருப்பார்கள்?

இன்றைய பாடத்தை விட்டுவிட்டு, அறிவிப்பை எந்த போனிலும் தெரியும் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். முதல் வரியில் தேதி, அடுத்ததில் ‘19ஆம் தேதி முகாம் கிடையாது’, பிறகு இடமும் சங்கத்து எண்ணும். நாற்பது நிமிடம் ஆனது. அஸ்வதி தன் போனில் முழுவதையும் வாசித்தாள்.

“தெளிவா இருக்குட்டி. ஆமென் போடட்டா?”

“அடி வாங்குவ.”

அண்ணனைக் கூப்பிட்டு மறுபடி தளத்தைத் திறக்கச் சொன்னேன். ஸ்ராங்கு அதைச் சத்தமாக வாசித்தார். அந்த எண்ணுக்கு அடித்தும் பார்த்தார். சங்கத்தில் இருந்த சூசை மாமா எடுத்திருக்கிறார். அதன் பிறகுதான், “போயிட்டு வேகம் வாலே” என்று அண்ணனை விட்டாராம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பேஸ்புக்கில் பழைய அறிவிப்பின் படத்தை மாற்ற முடியவில்லை. அதன் மேலிருக்கும் வரியை மட்டும் மாற்றி, ‘இந்தத் தேதி செல்லாது’ என்று எழுதி, தளத்தின் இணைப்பைக் கொடுத்தேன். இன்று வசனம் போடவில்லை. வெளியூரில் இருக்கும் முப்பத்தொரு பேரின் வீடுகளுக்கும் போன் செய்தேன். ஒன்பது வீடுகளில் அதுவரை வெள்ளிக்கிழமை என்றே நினைத்திருந்தார்கள்.

தளத்தை இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்றிருந்த சூசை மாமா கேட்டார்: “அப்போ பேஸ்புக்க மூடிருவமா மக்ளே?”

“வேண்டாம் மாமா. ஆளு அங்கதான் நிக்கி. ஆனா அறிவிப்பு இருக்கது நம்ம தளத்துலதான். பேஸ்புக்குல ‘வந்து பாருங்க’ன்னு மட்டும் சொல்லுவோம்.”

“தேதி மாறுனா?”

“ஒரு எடத்துல மாத்துனா போதும்.”

அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் எழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எழவில்லை.

செப்டம்பர் 17, புதன்

சிலுவைதாசன் அண்ணன் நேற்று இரவே குழித்துறை ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். காலையில் வரிசையில் நான்காவது ஆள். கயிறு இழுத்துத் தேய்ந்த விரல்கள், கருவி மூன்று முறையும் ரேகையை எடுக்கவில்லை. குளோரி அக்கா சோப்போடு ஓடி வந்து, “நல்லா தேச்சுக் கழுவுங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான்காவது முறை பதிந்தது. ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் மத்தியானமே திரும்பக் கிளம்பிவிட்டார்.

அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் கடலில் இருக்கிறார்கள். அவர்களுக்காக மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நாளை: தளத்தில் மிச்சமிருக்கும் பதினான்கு அறிவிப்புகளையும் யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் புயல் நேரத்தில் கூப்பிட வேண்டிய எண்கள்.