நாலாம் பகுதியில் ஆள் ஏறுகிறது

ஞானவேல் முதலாளியின் காப்பித் தோட்டத்து வேலியில் சென்சார் வயர் கட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டதும், எங்கள் குடியிருப்பில் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வேலி எழும்பியதே எங்களை மறிக்கத்தான். தோட்டத்துக்கு மேலே பதிமூன்று பளியர் வீடுகள். தோட்டத்துக்குள் இறங்கினால் கால் மணி நேரத்தில் அய்யம்பாளையம் பஸ் வரும் ரோடு. சுற்றிப் போனால் ஆறு கிலோமீட்டர். பாதை கேட்டுக் கொடைக்கானல் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுப் போட்டிருந்தோம். 'அவ்வழியாக ஒருவரும் நடப்பதில்லை' என்று முதலாளி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். காலங்காலமாக நடந்த வழி என்று நாங்கள்தான் காட்ட வேண்டுமாம். நடந்ததற்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? மனு அப்படியே கிடந்தது.

"ஏண்டி ராஜேஸ்வரி, நம்ம வழியில நீயே கம்பி கட்டுறியா?" என்றாள் அம்மா மாயக்காள்.

"கட்டத்தான் போறேன். நீங்க யாரும் நடக்கிறத நிறுத்தாதீங்க. வெள்ளனே ஏழு மணிக்கு எறங்குங்க, நாலு மணிக்கு ஏறுங்க. எப்பவும் போற அதே பாறைகிட்ட."

"தொட்டா சைரன் கத்துமாம்ல?"

"கத்தட்டும். கத்துறப்பெல்லாம் வயரோட சேந்த பொட்டி நாளும் நேரமும் எழுதி வைக்கும். நமக்கு அதான் வேணும்."

நான் திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. படித்தவள்; வத்தலக்குண்டு கேமரா கடையில் நாலு வருஷ அனுபவம். முதலாளிக்கு நான் எந்த ஊர்க்காரி என்று தெரியும். "ஏறிக் குதிச்சா மாட்டுவாங்கன்னு உங்க ஆளுககிட்ட சொல்லி வைம்மா" என்றார். "சொல்லிட்டேங்கய்யா" என்றேன். பொய்யில்லை.

ஆனால் முதல் வாரம் மானம் போயிற்று. காற்றடித்தால் சைரன். குரங்கு உட்கார்ந்தால் சைரன். காட்டுமாடு முதுகைத் தேய்த்தால் சைரன். காவல்காரர் சின்னச்சாமி வெறுத்துப்போய் அதன் வாயில் பழைய துண்டைத் திணித்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இப்படியே விட்டால் அம்மா ஏறியதையும் காற்று என்று தள்ளிவிடுவார்கள். மனுஷக் காலும் கையும் தவிர வேறெதற்கும் இந்த வேலி வாய் திறக்கக்கூடாது; அதுவரை இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தேன்.

வேலியில் உரசிய உண்ணிச்செடியை இரண்டடி தள்ளி வெட்டினேன். தொங்கிய வலையை இழுத்துக் கட்டினேன். அப்புறமும் தினம் ஒன்பது மணிக்கு ஒரு கத்தல். இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. கீழே வத்தலக்குண்டு வெக்கையில் கட்டுவதுபோலப் பிளாஸ்டிக் பட்டைகளை வலையோடு இறுக்கி வைத்திருந்தேன். இங்கே விடியற்குளிரில் சுருங்கிய கம்பி, வெயில் பட்டதும் நிமிர்ந்து சொடக்குப் போடுகிறது. நானூறு பட்டைகளையும் அறுத்து, வயருக்குச் சற்று இடம் விட்டு மறுபடி கட்டினேன். மாடு தேய்ப்பது நீளமான இழுப்பு. ஆள் ஏறுவது வெட்டி வெட்டி வரும் உலுக்கல். வித்தியாசத்தைப் பெட்டிக்குக் காட்ட நானே நாற்பது தடவை வேலி ஏறினேன். இரண்டு சுடிதார் கிழிந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரம் வேலி முழுக்க அமைதி. பெட்டிக் கணக்கில் நாலாம் பகுதியான பாறையோரம் மட்டும் தினம் இருமுறை. ஏழு, ஏழு ஐந்து. நாலு, நாலு பத்து. சின்னச்சாமி ஓடி வருவதற்குள் எல்லாரும் இறங்கிப் போயிருப்பார்கள்.

"இப்பத்தாம்மா மெஷினு மெஷினா இருக்கு!" என்று முதலாளி பூரித்துப் போனார். அத்தனை பக்கத்தையும் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, அத்துமீறல் என்று கொடைக்கானலில் அதே ஆபீசில் அவரே புகார் கொடுத்துவிட்டார். நான் எப்படிக் கேட்டு வாங்குவது என்று தவித்துக்கொண்டிருந்த காகிதம் அது. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணையில் ஆர்.டி.ஓ. அம்மா தாள்களைப் புரட்டினார். "காத்துல கூட அடிச்சிருக்கலாமே?"

"நீயே சொல்லும்மா ராஜேஸ்வரி. கட்டுனவ நீதான" என்றார் முதலாளி.

அந்த அம்மா பக்கம் திரும்பினேன். "காத்து இல்லீங்கம்மா. மாடும் இல்ல. அதையெல்லாம் கழிச்சுத்தான் வச்சிருக்கேன். இருபத்தொரு நாளும் ஏறினது எங்க ஊரு ஆளுங்க. அதுல எங்கம்மாவும் உண்டு."

"பாத்தீங்களா!" முதலாளி மேசையைத் தட்டினார். "இன்னைக்கு நேத்து ரோதனையா இது? எங்கப்பா தோட்டம் வாங்குன காலத்துலேருந்து இதுக இப்படித்தான் போகுதுக, வருதுக!"

அந்த அம்மா அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதினார். பிறகு எங்கள் மனுவின் கட்டைப் பிரித்து, ஒருவரும் நடப்பதில்லை என்ற கடிதத்தை எடுத்து இந்தத் தாள்களின் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. எது நிசம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். "மெஷினு ஏதாச்சும் தப்பா..."

"தப்பா எழுதாதுங்கய்யா" என்றேன். "எங்களுக்கு வழிவிட கேட் வைக்கிறதுன்னா அந்தப் பாறைய ஒட்டியே வைங்க. வயர வெட்டிச் சேக்க எனக்கு அரை நாள் போதும்."