பிள்ளைக்குப் புரியாத பேச்சு

எண்பத்தாறு வயதில் டெர்வ்லாவின் அப்பா கோல்முக்கு ஆங்கிலம் அறவே மறந்துபோயிற்று. மிஞ்சியது பிறந்த ஊரின் ஐரிஷ் மட்டும். மகளுக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே வளர்த்தார்கள்? கானமரா கடற்கரையை விட்டு கால்வே நகரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து கோல்மும் மனைவி நோராவும் பிள்ளைகளிடம் ஆங்கிலம்தான் பேசினார்கள். பிழைக்கக் கப்பலேறிப் போகிற பிள்ளைக்கு ஐரிஷ் சோறு போடுமா என்ற பயம். சாவு, சண்டை, ஊர்வம்பு என்றால் மட்டும் ஐரிஷுக்குத் தாவுவார்கள். பிள்ளைகள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நோரா போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மத்தியானம் ஆனால் கோல்ம், அடுப்புக்கு அந்தப் பக்கம் கிடக்கும் அவளுடைய நாற்காலியோடு பேச ஆரம்பித்துவிடுவார். சிரிப்பார், கோபித்துக்கொள்வார். நடுநடுவே ஒரு பெயர் விழும்: டெக்லன்.

டெக்லன் டெர்வ்லாவின் அண்ணன். இருபது வயதில், எழுபத்தொன்பதாம் வருடம், மழையில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தான் என்று சொன்னார்கள். அப்போது அவளுக்குப் பதினைந்து. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுத்ததில்லை. இப்போது அப்பா தினமும் எடுக்கிறார், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஐரிஷ் மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு, ஆரம்பப் பள்ளியில். ஆறு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் ஐம்பத்தைந்து வயது இடுப்பைத் திணிக்க வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஐந்திலும் வளைக்கத்தான் பார்த்தார்கள். பள்ளியில் பதின்மூன்று வருடம் ஐரிஷ் கட்டாயப் பாடம். அதில் வகுப்புக்கு வந்த பன்னிரண்டு பேருக்கும் மிஞ்சியது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் ஒரே வாக்கியம். அது மட்டும் எல்லாருக்கும் தண்ணீர்பட்ட பாடு.

"நான் ஐரிஷ் பள்ளியில படிக்கிற பேரனோட பேசணும்னு வர்றேன். நீ யாரைம்மா வேவு பார்க்க வர்றே?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்த மாலக்கி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்.

"எங்கப்பாவைத்தான்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஆசிரியர் ரோரியும் அதே கடற்கரைக்காரன். "வீட்டுலயே வாத்தியார வச்சுக்கிட்டு இங்க எதுக்கு வர்றீங்க? அவர்கிட்டயே பேசிப் பாருங்களேன்," என்றான்.

"முழுசா வரட்டும். ஒரு நாள் அசத்திடறேன் பாருங்க."

இரண்டு குளிர்காலம் ஓடின. பிப்ரவரியில் ஒரு மத்தியானம், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவளுக்கு அப்பாவின் பேச்சு திடீரென்று சொல் சொல்லாக விளங்கியது.

"பொண்ணுகிட்ட சொல்லிடலாமா நோரா? அவன் வழுக்கி விழல. கடுதாசி எழுதி வச்சுட்டுத்தானே போனான். பாதிரியார் பார்த்தா அடக்கத்துக்கே வரமாட்டாருன்னு நீ அழுதே. நான் அடுப்புல போட்டேன். தங்கச்சிக்குன்னு தனியா ஒரு பக்கம் எழுதியிருந்தானே. அதையும் சேர்த்துல்ல போட்டுட்டேன்."

டெர்வ்லா அவர் முன்னால் போய் நின்று, பிழையில்லாத ஐரிஷில் கேட்டாள்: "அப்பா, எனக்கு என்ன எழுதியிருந்தான்?"

கோல்ம் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலிப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நோரா, பேசாதே. பிள்ளைக்குப் புரியுது."

அதோடு சரி. மறுநாள் பேசவில்லை, மறுவாரமும் இல்லை. தேநீரை வைத்துவிட்டு வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். உள்ளே அடுப்புச் சத்தம்தான். கடிதம் போகட்டும், அம்மாவோடாவது பேசட்டும் என்று அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியாதுப்பா. நீங்க பாட்டுக்கு அம்மாகிட்ட பேசுங்க," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அவருக்கு அது வெறும் இரைச்சல். யாரோ எவரோ என்பதுபோல் பார்த்தார்.

வேறு வழி தெரியாமல், "எனக்கு ஐரிஷ் தெரியாதுப்பா," என்று ஐரிஷிலேயே சொன்னாள்.

கோல்ம் அதைக் கடைசிவரை கவனமாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு நாற்காலியைப் பார்த்தபடி வாயை இறுக மூடிக்கொண்டார். மே மாதம் சாகும்வரை அவர் நோராவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.