கடல் இல்லாத கடல்நாய்

"கத்தியைக் குடு! சீக்கிரம்!"

படகின் விளிம்பில் பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி கத்தினாள் சிர்க்கா. தண்ணீருக்கு மேலே வந்த கடல்நாய்க் குட்டியின் மூக்கு அவசரமாக ஒரு மூச்சு இழுத்தது. கழுத்தை இறுக்கியிருந்த வலை அதை மறுபடி கீழே இழுத்தது.

அவள் கணவன் தௌனோ துடுப்பைப் போட்டுவிட்டு, ஒரு கையால் வலையின் கயிற்றைப் பிடித்தபடி, மீன் அறுக்கும் கத்தியை நீட்டினான்.

"கயித்தை விட்டுடாத, கிழவா!"

"விடல. நீ உள்ள விழுந்து தொலைக்காத. ரெண்டு பேரைத் தூக்க என் முதுகு தாங்காது."

பனியாறு இழைத்துவிட்டுப் போன வழவழப்பான பாறையருகே, தாய் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் அந்தப் பனி உருகி, பாரம் இறங்கிய நிலம் மேலெழுந்தபோது, கடலுக்கு வழி அடைபட்டு சைமா ஏரியிலேயே தங்கிவிட்ட வம்சம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்த வருடம் பனி போதவில்லை. குட்டி போட இடம் வேண்டுமே என்று உறைந்த ஏரிமேல் ஊரே பனிமேடு குவித்தது. மண்வெட்டியோடு முதல் ஆளாக நின்றவள் சிர்க்கா.

"தடைக்காலத்துல எவன் வலை போட்டான்? மனுஷனா அவன்?"

தௌனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு போகிறான். கேட்டால், "கொக்கு பாக்க" என்கிறான். இவனாவது, கொக்காவது!

கடைசி இழை அறுந்தது. குட்டி துவண்டு அவள் மடியில் சரிந்தது. அசைவில்லை. தலைகீழாகப் பிடித்தாள், விலாவை அழுத்தித் தேய்த்தாள்.

"மூச்சு விடுடா கண்ணு... விடுடா..."

ஒரு தும்மல். அவள் முகமெல்லாம் ஏரித் தண்ணீர். அழுகையும் சிரிப்புமாகத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். தாய் வந்து மூக்கோடு மூக்கு வைத்துக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

சிர்க்கா திரும்பினாள்.

"உண்மையைச் சொல்லு. இது உன் வலைதானே?"

"இல்ல."

"பின்ன யாரோடது? உனக்குத் தெரியும்."

அறுந்த வலையை மெல்லச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான் தௌனோ.

"மார்ச்ல மகளுக்கு வலி வந்துடுச்சுன்னு ஃபோன் வந்ததும், பனிக்கு அடியில போட்ட வலையை அப்படியே விட்டுட்டு ஓடினியே. எடுத்துட்டியான்னு ஃபோன்ல கேட்டே. எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். பனி நகர்ந்து, அடையாளத்துக்கு நட்ட கிளையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடுச்சு. உனக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துடணும்னு தினமும் கொக்கி போட்டுத் துழாவிட்டிருந்தேன்."

அவள் ஈரக் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"இது உன் வலை, சிர்க்கா."