சிவப்புக் கைப்பிடி

அந்த மலையில் வெட்டியெடுத்த வனேடியம் என்ற உலோகத்தை அமிலத்தில் கரைத்து, ஊர்க்கோடிக் கொட்டகையில் இரண்டு பெரிய தொட்டிகளில் நிரப்பியிருந்தார்கள். வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை அவை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பித் தரும். நிறைந்திருந்தால் ஒன்று மஞ்சள், இன்னொன்று ஊதா. அவற்றைக் கவனித்துக்கொண்டவளை ஊரே தொட்டியம்மா என்றது.

சுரங்கத்தில் கால் ஒடிந்த கொழுந்தனை, மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் கொட்டகை வேலையில் சேர்த்திருந்தாள். சுரங்கத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது, தேங்கிய தண்ணீர் வடிவதற்காகச் சிவப்புக் கைப்பிடியைத் திறந்துவிட்டு வருவது வழக்கம். கொட்டகையிலோ சிவப்புக் கைப்பிடி இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே இருந்தது. அதைத் தொடவே கூடாது. அன்று காலை, இரவு முறை முடிந்து கிளம்பியவனின் கை, பழக்கதோஷத்தில் அதைத் திருகிவிட்டது.

தொட்டியம்மா வந்தபோது இரண்டும் கலந்து, சேர்த்த மின்சாரம் அத்தனையும் போயிருந்தது. வானமும் மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தை ஒன்று சூட்டுப்பெட்டியில் இருந்தது. பெட்டியின் சொந்த பேட்டரி மதியம் வரைதான் தாங்கும் என்று நர்ஸ் சொல்லியனுப்பினாள்.

குழாய் ஒழுகியதாகச் சொல்லிவிடலாமா என்று தொட்டியம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. கொழுந்தன் அதற்கு இடம் வைக்கவில்லை. நொண்டிக்கொண்டே மேஸ்திரியிடம் போய் நடந்ததைச் சொல்லி, தலைகுனிந்து நின்றான். மேகம் மூடியிருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் வருகிறது, கல் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தினால் பெட்டிக்குப் போதும் என்றாள் கூடவே போயிருந்த தொட்டியம்மா.

மேஸ்திரி வெகுநேரம் யோசிக்கவில்லை. "ஒரு நாள் கல்லு உடைக்கலேன்னா மலை எங்கேயும் ஓடிடாதும்மா. நிறுத்திடறேன்."

ஒரே திருகில் ஊருக்கே லீவு வாங்கிக் கொடுத்தவன் என்று கொழுந்தனைக் கேலி செய்தார்கள். ஆனாலும் சொல்லாமலே வீடுதோறும் சுவிட்சை அணைத்தார்கள். பெட்டி குளிரவில்லை. தொட்டியம்மா கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் வெயில் வந்தது. கொழுந்தன் கொட்டகைச் சாவியை நீட்டினான். "நான் வேண்டாம் அண்ணி. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

அவள் சாவியை வாங்கவில்லை. தொட்டிகளிலிருந்து வரும் கண்ணாடிக் குழாய்களைக் காட்டினாள். ஒன்றில் மஞ்சளும் மற்றதில் ஊதாவும் மெல்லத் தலைகாட்டிக்கொண்டிருந்தன.

"கலந்துச்சே தவிர கெடல தம்பி. திரும்பக் கரண்ட் ஏத்தினா பழையபடி ஆயிடும்."

பிறகு ஒரு பழந்துணியைக் கிழித்து, சிவப்புக் கைப்பிடியில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இனி அவன் கை மறந்துபோய் அங்கே நீண்டாலும், முதலில் துணிதான் தட்டுப்படும்.